நீல மத்தாப்பும் பச்சைக் காசும்

மல்லாங்கிணற்றுக் கரிசலில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவருக்கு முதலில் அகப்படுவது மத்தாப்புக் கம்பிதான். சிவகாசியைத் தன்னுள் வைத்திருக்கும் மாவட்டத்தில் இது தப்பாது. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் எரித்துத் தூக்கிப்போட்ட கம்பிகள் உழவில் புரண்டு, மழையில் துருவேறி, ஊரை ஒட்டிய புஞ்சைகளின் மேல்மண்ணில் கலந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றை இரும்பு என்று கருவியே ஒதுக்கிவிடும். ஆனால் ஒரு கம்பி வளைந்து, அதன் இரண்டு நுனியும் ஒட்டி வளையமாகிவிட்டால், செப்புக் காசுக்கு எழுப்பும் கணீரொலியை அதற்கும் எழுப்பும். குனிந்து தோண்டினால் ஒரு துருப்பிடித்த வளையம் கையில் வரும்.

கருவி ஏன் இப்படி ஏமாறுகிறது என்று புரிந்துகொண்டால், அது எதைக் காண்கிறது, எதைக் காணவே காணாது என்பதும் புரியும். கடற்கரை மணலில் ஒரு பழங்காசு அகப்படுவதும், அகப்பட்ட காசு என்ன சொல்லும் என்பதும் அந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது.

கருவியின் நுனியில் உள்ள வட்டத் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் ஓடும் மின்னோட்டம் நொடிக்குச் சில ஆயிரம் தடவை திசை மாறுகிறது. மின்னோட்டம் மாறும்போது சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறும். மாறுகிற காந்தப்புலத்துக்குள் ஓர் உலோகத் துண்டு கிடந்தால், அதன் பரப்பில் சிறு சிறு வட்டங்களாக மின்சாரம் சுழலத் தொடங்கும். இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். சுழலும் மின்சாரம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். தட்டுக்குள் உள்ள இன்னொரு சுருள் அந்த எதிரொலியைப் பிடித்து ஒலியாக மாற்றித் தருகிறது. கிடப்பது செப்புக் காசு என்றால், அதற்குள் மின்சாரம் வெகு ஆழம் இறங்குவதில்லை. பத்தாயிரம் ஹெர்ட்ஸில் இயங்கும் கருவி என்றால், செம்பின் மேற்பரப்பிலிருந்து 0.66 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்தான் பெரும்பகுதி ஓடும். காசின் தோல்தான் கருவிக்குப் பதில் சொல்கிறது.

பதில் வரும் நேரத்தில் உலோகத்துக்கு உலோகம் வேறுபாடு உண்டு. செம்பும் வெள்ளியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. அவற்றில் எழுந்த சுழல் சட்டென்று ஓயாது, எதிரொலி சற்றுத் தாமதமாக வரும். மெல்லிய அலுமினியத் தாளில் சுழல் சீக்கிரம் செத்துவிடும். இரும்பு காந்தத்தன்மை உள்ளது என்பதால் அதன் பதில் வேறு தினுசில் இருக்கும். கருவியின் திரையில் தோன்றும் எண் இந்தத் தாமதத்தின் அளவு மட்டுமே. பாண்டியன் காசா, பம்புசெட்டின் செப்பு வாஷரா என்பது அதற்குத் தெரியாது.

இந்த உத்தி மனித உயிரைக் காக்கப் பயன்பட்டு, தோற்றும் போயிருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியால் பெயர் பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், டேவிட் ஹியூஸ் 1879-இல் செய்து காட்டிய தூண்டல் தராசைத் திருத்தி ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு போனார். கார்ஃபீல்டு படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன. அவை கருவியைக் குழப்பின. உடலின் வலப்பக்கத்தை மட்டும் தேடினால் போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். அன்றைக்குப் பெல்லை ஏமாற்றிய மெத்தைச் சுருளும் இன்றைக்கு நம் கரிசலில் ஏமாற்றும் மத்தாப்பு வளையமும் ஒரே காரணத்தால் ஏமாற்றுகின்றன.

ஆழத்தில் கிடப்பதைக் கருவியால் எளிதில் காண முடியாது. சுருளின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே. போகும்போது மூன்று, வரும்போது மூன்று என்று மொத்தம் ஆறு மடி. சுருளின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில் ஒரு காசு இருந்து, அதன் ஆழம் இரட்டிப்பானால், பதில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். கருவியின் விலையை இரட்டிப்பாக்கினாலும் ஆழம் அப்படிக் கூடாததற்குக் காரணம் இதுதான். ஒரு சாண் ஆழத்துக்கும் கீழே கிடக்கும் சிறு காசுகள் பெரும்பாலும் கருவிக்கு எட்டாதவை. விளம்பரங்களில் சொல்லப்படும் ஆழங்களை இயற்பியல் அனுமதிப்பதில்லை.

கடற்கரைக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடும். உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மணல் முழுவதும் ஒரு பெரிய, மங்கிய உலோகத் தகடாக நடித்து, கருவியை ஓயாமல் கத்த வைக்கும். இதற்கு வேறு வகைக் கருவி உண்டு. அது தொடர்ந்து மின்னோட்டத்தை அனுப்பாமல், சிறு துடிப்பை அனுப்பி உடனே நிறுத்திவிடும். உப்புநீரில் எழுந்த சுழல் சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். செப்புக் காசில் எழுந்தது அதைவிட நெடுநேரம் நீடிக்கும். ஆகவே துடிப்பை நிறுத்திய பின் கொஞ்சம் பொறுத்துக் காது கொடுத்தால், கடலின் சத்தம் ஓய்ந்து காசின் சத்தம் மட்டும் எஞ்சும்.

மன்னார் வளைகுடாக் கரையில் இன்னொரு தடையும் இருக்கிறது. புயலுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் பிறகு அந்தக் கரைகளில் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாக மணல் தெரியும். கறுப்பு இல்மனைட், மேக்னடைட், சிவப்பு கார்னெட். சாதாரண மணலான குவார்ட்சின் அடர்த்தி 2.65. கார்னெட் 4-க்குப் பக்கம், இல்மனைட் 4.7, மேக்னடைட் 5.2. அலை வந்து திரும்பும்போது, முறத்தில் புடைப்பதைப் போல, லேசானதை இழுத்துக்கொண்டு போய் கனமானதை விட்டுவிட்டுப் போகிறது. செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. அப்படியென்றால் கறுப்பு வரி எங்கே தங்குகிறதோ, காசும் அங்கேதான் தங்கும். அதே கறுப்பு வரியில் உள்ள மேக்னடைட் காந்தத்தன்மை உடையது. கருவியைத் திணறடிப்பதும் அதே வரிதான். காசைக் கொண்டு சேர்த்த இடமே காசை மறைத்தும் வைக்கிறது.

தீர்த்தக் கரைகளில் கயிற்றில் காந்தம் கட்டி வீசிக் காசு பிடிக்கும் பையன்களைப் பலரும் பார்த்திருக்கலாம். அந்தக் காந்தத்தில் ஒட்டுவது நம் காலத்துத் துருப்பிடிக்காத எஃகுக் காசுகள்தான். சோழன் காசோ டச்சுக்காரன் துட்டோ அதில் ஒருநாளும் ஒட்டாது, அவை செம்பு. சல்லடை வைத்து ஈர மணலை அரிக்கும் பெரியவர்களுக்கு இது தெரியும். அவர்கள் காந்தத்தைத் தொடுவதில்லை, மணலின் நிறத்தைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள்.

அலை தானே தோண்டிக் காட்டுவதும் உண்டு. 2004 டிசம்பர் சுனாமி மாமல்லபுரம் கரையின் மணலை வாரிக்கொண்டு போனபோது அதுவரை புதைந்திருந்த பாறைகளும் கல்வெட்டுகளும் வெளியே வந்தன. அதன் தொடர்ச்சியாக, பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது மணலுக்கடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது.

நம் பக்கத்தில் அலை செய்யும் வேலையைக் கரிசலே செய்கிறது. மான்ட்மொரில்லனைட் என்ற களிமண் கனிமம் கரிசலில் நிறைய உண்டு. நீரைக் குடித்தால் அது உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி, சித்திரையில் மல்லாங்கிணறு சுற்றுவட்டாரப் புஞ்சைகளில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விட்டிருக்கும். சில வெடிப்புகள் இடுப்பளவு ஆழம்கூட இறங்கும். மேலே கிடந்த ஓட்டாஞ்சில்லு, மணி, காசு எதுவானாலும் அதில் விழுந்துவிடும். ஐப்பசி மழையில் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும், உள்ளே உள்ளது மேலே தள்ளப்படும். பல நூறு ஆண்டுகள் இது நடந்தால் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகக் கலந்துபோகும். ஒரு மழைக்கு மறுநாள் பழைய மேட்டில் காசு கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே காரணத்தால், கரிசலில் ஒரு காசு முழங்கால் ஆழத்தில் கிடைத்தது என்றால், அந்த ஆழத்தின் காலத்தைச் சேர்ந்தது அந்தக் காசு என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. நூறு வருஷத்துக்கு முந்தைய காலணா ஒன்று இரண்டாயிரம் வருஷத்து மண்ணுக்குள் வெடிப்பு வழியாக இறங்கி உட்கார்ந்திருக்கக் கூடும். அகழ்வோர் குழியின் சுவரில் வெடிப்பின் தடம் தெரிகிறதா என்று உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

இனி காசையே கையில் எடுப்போம்.

மணலிலிருந்தோ மண்ணிலிருந்தோ வரும் செப்புக் காசு செம்பு நிறத்தில் இராது. மேலே பச்சை, சில இடங்களில் நீலம் கலந்த பச்சை, ஆங்காங்கே மண் கட்டி. அதைப் பார்த்தவுடன் நம் வீடுகளில் நடக்கக்கூடிய பேச்சு இதுதான்.

"அப்பத்தா, இந்தக் காசப் பாரு, பச்சப் பச்சையா இருக்கு."

"கொண்டாய்யா. ரெண்டு புளியப் போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிரும்."

அப்பத்தா சொன்னது பித்தளைக் குடத்துக்குச் சரி. குடத்தின் களிம்பு சில நாட்களில் படிந்தது, அதன் அடியில் குடம் அப்படியே இருக்கிறது. காசின் களிம்பு ஆயிரம் ஆண்டுகளில் படிந்தது. அத்தனை காலத்தில் உலோகத்தின் மேற்பகுதி தானே களிம்பாக மாறிவிட்டது. குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடியில் செம்பு, அதன்மேல் சிவப்பாகக் குப்ரைட் என்னும் செம்பு ஆக்சைடு, அதற்கும் மேல் பச்சையாக மாலகைட் என்று அடுக்கடுக்காகத் தெரியும். காசு அச்சடிக்கப்பட்ட நாளில் எந்தப் பரப்பில் எழுத்தும் உருவமும் இருந்தனவோ, அந்தப் பரப்பு பல காசுகளில் இப்போது உலோகத்தில் இல்லை. அது குப்ரைட் அடுக்கில் பதிந்து கிடக்கிறது. புளியின் டார்டாரிக் அமிலம் பச்சையையும் சிவப்பையும் சேர்த்துக் கரைத்துவிடும். கையில் மிஞ்சுவது பளபளப்பான, குண்டும் குழியுமான, எழுத்தில்லாத ஒரு செப்புச் சில்லு. அரை மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எழுத்துகள் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். எலுமிச்சையும் விபூதியும் கடைகளில் விற்கும் பாலிஷும் செய்வது இதைத்தான்.

கடற்கரைக் காசுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு, களிம்பின் துளைகள் வழியாக உள்ளே புகுந்து, செம்பும் களிம்பும் சேரும் இடத்தில் குப்ரஸ் குளோரைடு என்ற சேர்மமாக உட்கார்ந்துகொள்ளும். மெழுகு மாதிரி, வெளிறிய சாம்பல் நிறம். மணலுக்குள் காற்று அதிகம் எட்டாதவரை அது சும்மா இருக்கும். காசை வெளியே எடுத்தவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் அதை அடைகின்றன. குப்ரஸ் குளோரைடு வெளிர்பச்சைப் பொடியாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கக்குகிறது. அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்று மறுபடியும் குப்ரஸ் குளோரைடாகிறது. அது மறுபடியும் பொடியாகிறது. குளோரைடு தீர்வதில்லை, தீர்வது செம்புதான். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். காசின்மேல் புள்ளி புள்ளியாகத் தூள் பச்சை அரும்பினால் நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காற்றின் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் அநேகமாக அடங்கிக் கிடக்கும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்கும் நாட்கள் மிகக் குறைவு. ஆயிரம் வருஷம் மணலுக்குள் பத்திரமாக இருந்த காசு மேசை டிராயரில் சில மாதங்களில் உதிர்ந்துபோவது இதனால்தான்.

இந்த இடத்தில் சிவகாசியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பட்டாசு நிறங்களில் எல்லாவற்றையும்விடக் கடினமானது நீலம். ஸ்ட்ரான்ஷியம் உப்பு போட்டால் சிவப்பு, பேரியம் போட்டால் பச்சை, சோடியம் போட்டால் மஞ்சள் வந்துவிடும். நீலத்துக்குச் செம்பு வேண்டும், கூடவே குளோரினும் வேண்டும். சுடருக்குள் செம்பு அணு ஒன்றும் குளோரின் அணு ஒன்றும் சேர்ந்து ஆவி நிலையில் இணைந்திருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் வெளிவரும் ஒளிதான் வானில் நாம் பார்க்கும் நீலம். சூடு குறைந்தால் போதிய ஒளி வராது. சூடு மிகுந்தால் இணைப்பு உடைந்து நீலம் வெளுத்துவிடும். ஃபேன்சி ரகத்துக்கு மணிமருந்து உருட்டுபவர்களுக்கு நீலம் எவ்வளவு குறுகிய வரம்புக்குள் அகப்படுவது என்று தெரியும். அந்த மருந்து அறைகளில் உராய்வுக்கும் வெயிலுக்கும் பயந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை அது. அங்கே அரும்பாடுபட்டு ஒரு நொடி பிடித்து வைக்கும் அதே செம்பு, குளோரின் கூட்டுத்தான் காசுக்குள் திடப்பொருளாக உட்கார்ந்துகொண்டு அதைத் தின்கிறது. நம் மாவட்டத்துப் பள்ளிகளில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

நோய்க்கு மருந்து உண்டு. ஆய்வகத்தில் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் காசை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிக் குளோரைடை வெளியே இழுப்பார்கள். பிறகு பென்சோட்ரையசோல் என்னும் சேர்மத்தில் நனைப்பார்கள். அது செம்பின்மேல் மெல்லிய காப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். 1960-களின் இறுதியில் வழக்கத்துக்கு வந்த இந்த முறை இன்றும் அருங்காட்சியகங்களில் தொடர்கிறது. கண்டெடுத்தவர் செய்யவேண்டியது மிகக் குறைவு: தேய்க்காமல், கழுவாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு, ஈரம் புகாத டப்பியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து உரியவர் கையில் சேர்ப்பது.

தோலுக்கு நான் ஏன் இத்தனை முக்கியத்துவம் தருகிறேன் என்பதற்குச் சங்ககாலப் பாண்டியர் காசு ஒன்று போதும். 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி பழந்தமிழ்க் காசுகளைச் சேர்த்து ஆராய்வதில் பல பத்தாண்டுகள் செலவிட்டவர். 1980-களில் சதுரமான சிறு செப்புக் காசு ஒன்றில் குதிரை உருவத்தோடு 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருப்பதை அவர் வெளியிட்டார். மறுபக்கம் கோட்டுருவ மீன். வழுதி என்ற பெயரைச் சங்கப் பாடல்கள் வழியாக அறிந்திருந்த நமக்கு, அந்தப் பெயர் உலோகத்தில் பொறித்த சான்றாகக் கிடைத்தது அப்போதுதான். பாண்டியர் காசுகளில் வெறும் மீனும் யானையும் குதிரையும் பொறித்தவை ஏற்கெனவே நிறையத் தெரிந்திருந்தன. காலத்தையும் அரசனையும் பேச வைத்தது அந்த ஒரு வரி எழுத்து. யாராவது ஒருவர் அதைப் புளி போட்டுத் தேய்த்திருந்தால் பெருவழுதி போயிருப்பான். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் வெள்ளிக் காசுகளுக்கும் இது பொருந்தும்.

காயம்கூடச் செய்தியாகும். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருந்தது. இனி இது பணமாகப் புழங்கவேண்டாம், பொன்னாக இருக்கட்டும் என்று நம் பக்கத்தில் யாரோ முடிவெடுத்ததற்கு அந்த வெட்டைச் சான்றாகக் கொள்கிறார்கள். பொன்னாசாரி ஒருவர் அந்த வெட்டுகளை அடித்துச் சரிசெய்திருந்தால் ரோமோடு நாம் நடத்திய வணிகத்தின் ஒரு முக்கியமான பக்கம் காணாமல் போயிருக்கும்.

ஆனால் தோல் மட்டும் போதாது. பெருவழுதி காசு வணிகர் கைகள் வழியாகச் சேகரிப்புக்கு வந்தது. யார் வெளியிட்டது என்பதை அது சொல்லும். எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது என்பதைச் சொல்லாது. மெட்டல் டிடெக்டர் கொண்டு கடற்கரையில் எடுக்கும் காசின் கதியும் பெரும்பாலும் இதுதான். எடுத்தவர் இடத்தைக் குறித்து வைத்தாலொழிய.

குறித்து வைத்த ஒருவரின் கதை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1944-இல், இரண்டாம் உலகப் போரின்போது, வடக்குக் கடலோரத்தில் வெசல் தீவுகளில் ஒன்றான மார்ச்சின்பார் தீவில் மோரி ஐசன்பர்க் என்ற படைவீரர் பணியில் இருந்தார். மீன்பிடிக்கப் போன இடத்தில் மணலில் ஒன்பது காசுகள் கண்டெடுத்தார். கருவி ஏதும் இல்லை, வெறுங்கண்தான். ஒரு டப்பியில் போட்டு வைத்துவிட்டு, கையிலிருந்த வரைபடத்தில் கண்டெடுத்த இடத்தைப் பெருக்கல் குறியிட்டுக் காட்டினார். 1979-இல்தான் அவற்றை அடையாளம் காண அனுப்பினார். நான்கு காசுகள் டச்சுக்காரர்களுடையவை, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரைக்குமானவை. அவை ஆச்சரியமில்லை. மீதி ஐந்தும் இன்றைய தான்சானியக் கரையிலிருந்த கில்வா சுல்தான்களின் செப்புக் காசுகள். ஏறக்குறைய பத்தாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கேப்டன் குக் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பு அடிக்கப்பட்ட காசுகள் ஆஸ்திரேலியக் கரையில் எப்படி வந்தன?

இங்கே காசியலின் அடிப்படை விதி ஒன்று வேலை செய்கிறது. ஒன்றாகப் புதைந்த காசுகளில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன் அந்தக் குவியல் விழுந்திருக்க முடியாது. கில்வாக் காசும் டச்சுக் காசும் ஒரே பையிலிருந்து கொட்டியவை என்றால், 18-ஆம் நூற்றாண்டுக்கு முன் அவை அங்கே வரவில்லை. யாரோ ஒரு மாலுமி பழைய செல்லாக்காசுகளையும் வைத்திருந்திருக்கலாம். தனித்தனியாக விழுந்தவை என்றால் கதை வேறு. கில்வாக் கப்பலோ, இந்தியப் பெருங்கடலின் வேறு வணிகரோ பல நூறு ஆண்டுகள் முன்பே அந்தப் பக்கம் வந்திருக்கக் கூடும். 2013-இல் மானிடவியலர் இயான் மெக்கின்டாஷ் தலைமையில் ஒரு குழு அந்தப் பெருக்கல் குறியை வைத்துக்கொண்டு அதே கரைக்குத் தேடப் போனது. அந்தக் குறி இல்லாமல் இருந்திருந்தால் போவதற்கு இடமே இருந்திராது. ஒன்பது காசுகளின் சந்தை மதிப்பு சொற்பம். அந்தப் பெருக்கல் குறிக்கு நான் அதைவிட உயர்ந்த மதிப்பு தருவேன்.

நம் கரையில் இப்படி யோசிக்க நிறையவே இருக்கிறது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில், 1980-களிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானியக் காசுகள் கிடைத்தன. கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்தது. குழிக்குள் அளந்து எடுத்ததால் காசு, பானையோடு, மண்ணடுக்கு மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அதே காலத்துச் சின்னஞ்சிறு ரோமானியச் செப்புக் காசுகள் மதுரையில் வைகை மணலில் ஏராளமாகக் கிடைத்தன. அவை புழங்கின என்பது தெரிகிறது. ஆற்று வெள்ளம் எங்கிருந்து உருட்டி வந்தது என்று கேட்டால் மணலிடம் பதில் இல்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் வெம்பக்கோட்டை. சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றின் கரையில், பட்டாசு ஆலைகளுக்கு நடுவே உள்ள அந்த ஊரில் 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கியது. அப்போது தொல்லியல் துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் தங்கம் தென்னரசு மல்லாங்கிணற்றுக்காரர். அடுத்தடுத்த கட்டங்களில் நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், பாசிமணிகள், சங்கு வளையல்கள், சிறு பொன் அணிகள், செப்புக் காசுகள் என்று வந்தவண்ணம் இருந்தன. சங்கு வளையல்தான் என்னை அதிகம் ஈர்க்கிறது. வைப்பாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு உள்நாட்டுக்கு வந்து, இங்கே அறுத்து வளையலாகியிருக்கிறது. அறுத்த கழிவுத் துண்டுகள் எந்தக் குழியில் குவிந்து கிடக்கின்றனவோ, அங்கே பட்டறை இருந்தது. சங்கை மெட்டல் டிடெக்டர் காணாது. பானையோட்டையும் சுடுமண்ணையும் பாசிமணியையும் காணாது. காசை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால், அந்தக் காசு யாருடைய பட்டறைக்குக் கூலியாக வந்தது என்ற கேள்வியே எழாது. குழியில் வேலை செய்பவர்கள் கரணையால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி இறங்குவதையும், ஒரு பொருள் தலைகாட்டினால் எடுக்காமல் அப்படியே விட்டு அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, ஆழத்தைக் குறித்த பிறகே எடுப்பதையும், எடுத்த மண்ணை மறுபடியும் சலிப்பதையும் பார்த்தவர்களுக்கு அந்த வேலை ஏன் மெதுவாக நடக்கிறது என்று விளங்கும்.

சட்டமும் இடத்தைத்தான் கேட்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கடிதத்தில் இருக்கவேண்டியவை: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில், எந்த நாளில். தெரிவிக்காமல் மறைத்தால் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. முறைப்படி தெரிவித்து, உரிமை கோருவோர் யாரும் இல்லையென்று தீர்மானமானால், உடன்படிக்கை வேறு இல்லாதபோது முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே வைத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். அரிய செப்புக் காசுக்கு இது மிகச் சொற்பம். கிடைத்ததை மறைத்து வியாபாரியிடம் தள்ளிவிடும் ஆசைக்கு இந்தக் கணக்கே வழிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். கண்டெடுத்தவரின் நேர்மைக்கு ஏற்ற வெகுமதி தரும்படி இதைத் திருத்தவேண்டும். இங்கிலாந்தில் 1997 முதல், சாதாரண மக்கள் கண்டெடுப்பதை இடத்தோடு பதிவுசெய்ய அலுவலர்களை அமர்த்தியிருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒருவர் நம்மிடமும் இருந்தால் போதும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவி கொண்டு தேடித் தோண்டுவது எங்கும் குற்றம்தான், அதில் மாற்றம் வேண்டாம்.

அதுவரை, புஞ்சையிலோ கடற்கரையிலோ பச்சையாக ஒரு காசு கண்ணில் பட்டால், எடுக்குமுன் செல்போனில் ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா. இருப்பிடத்தைச் செல்போனே குறித்துக்கொள்ளும்படி செய்துவிடலாம். பிறகு ஒரு தாளில் ஆழம், மண்ணின் நிறம், கூடக் கிடந்த ஓட்டாஞ்சில்லு, முந்தின நாள் மழை பெய்ததா என்பது. கடற்கரை என்றால் கறுப்பு மணல் வரியிலா, வெள்ளை மணலிலா, அலை வந்து தொடும் கோட்டிலிருந்து எத்தனை எட்டு. கரிசல் என்றால் அந்த இடத்தில் வெடிப்பு இருந்ததா, இருந்தால் அது எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதையும் ஒரு குச்சியை விட்டு அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.